கரடிப்பள்ளத்துக்கு வந்த மஞ்சு

அந்த மலையில் மஞ்சு என்று சொல்லும் மூடுபனி வருவது நின்றுபோனதை முதலில் கவனித்தவள் ரித்திகா. அவளுக்கு அதைக் காட்டிக்கொடுத்தவை குதிரைகள்.

கூனிமுகட்டின் கிழக்குச் சரிவில் இருக்கிறது கரடிப்பள்ளம். சாலை கிடையாது. படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் விளையும் பூண்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் மட்டக்குதிரைகளின் முதுகில் ஏறித்தான் முகட்டைத் தாண்டி, மேற்கே இருக்கும் சிலம்பூர் சந்தைக்குப் போகும். ஊரில் அதிகமான குதிரைகள் ரித்திகாவிடம்தான் இருந்தன. ஒன்பது. அவள் குதிரைகளைப் பார்த்துக்கொள்வாள், அவள் கணவன் பிரவீன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டால் வீட்டில் சண்டை வரும்.

மழை இல்லாத மாசி, பங்குனியில்கூட அந்த ஊர் காய்ந்தது கிடையாது. சாயங்காலமானால் மேற்கிலிருந்து மஞ்சு கிளம்பி முகட்டைக் கடந்து இந்தப் பக்கம் இறங்கும். சோலை மரங்களின் பாசியில் தங்கி, விடியும்வரை சொட்டும். ஓடை ஓடியதும் பூண்டு பெருத்ததும் அந்தச் சொட்டில்தான். அந்த மாதங்களில் குதிரைகள் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே அதிகம் போகாது. ஈரப்புல்லைத் தின்றே தாகம் தீர்த்துக்கொள்ளும். ஆனால் அந்த வருடம் மாசி பிறந்ததும் அவை காலையிலேயே தொட்டியைக் காலி செய்துவிட்டு, அடுத்த வாளிக்காகக் காத்து நின்றன. ரித்திகா மேய்ச்சல் சரிவில் நடந்து பார்த்தாள். காலடியில் புல் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அன்றே முகட்டுக்கு ஏறினாள். மழைக்காலத்தில் சந்தைக்குப் போகும்போது அங்கே கம்பங்கள் நடுவதைப் பார்த்திருந்தாள்; அதன்பிறகு சுமை இல்லாததால் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது முகட்டின் நீளத்துக்கும் உயரமான எஃகுக் கம்பங்கள் நின்றன. அவற்றுக்கிடையே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளால் பின்னிய வலைகள் தொங்கின. மேற்குப் பக்கம் வெள்ளையாக மஞ்சு முட்டிக்கொண்டு நின்றது. வலையைத் தாண்டிக் கிழக்கே வந்ததும் வானம் நீலமாக இருந்தது. வலையின் அடியில் தகரக் கால்வாயில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வலைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களில் ஒருவன் அவளுடைய தம்பி ஹேமந்த். சிலம்பூரில் தங்கி வேலை பார்த்தான். வேறு மலையில் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மஞ்ச வடிகட்டி எடுத்துட்டீங்களாடா?" என்று கேட்டாள் ரித்திகா.

"பழைய வலையா இருந்தா பாதி மஞ்சு ஓட்டை வழியா போயிரும்க்கா. இதுல லேசா மின்சாரம் ஓடுது. துளி பக்கத்துல வந்தாலே கம்பி இழுத்துக்கும். பத்துத் துளி வந்தா ஒம்பது இதுல ஒட்டிரும்."

"மிச்சம் ஒண்ணு?"

"அது உங்களுக்கு" என்றான் ஹேமந்த். சொன்ன பிறகு அது எப்படி ஒலித்தது என்று அவனுக்கே உறைத்தது.

கீழே இந்தப் பக்கம் என்ன ஆகும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்று அவள் கேட்டாள். "கணக்கு முகட்டோட முடிஞ்சிருச்சுக்கா. எவ்வளவு கிடைக்கும்னு பாத்தாங்க. யாருக்குக் கிடைக்காதுன்னு பாக்கல" என்றான்.

அவனை மட்டும் குற்றம் சொல்லவும் அவளால் முடியவில்லை. சமவெளியில் வெயில் மனிதர் தாங்கும் அளவைத் தாண்டிய பிறகு, கோடைதோறும் ஜனங்கள் மலைகளுக்கு ஏறத் தொடங்கியிருந்தார்கள். கடல் கரையைத் தின்ற ஊர்களிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகள் படகு விட்ட சிலம்பூர் ஏரி சேறாகிவிட்டது. முகட்டுக்கு மேற்கே, வலைகளுக்கு நேர் கீழே, தகரக் கூரை போட்ட புதுக் குடியிருப்பு வரிசை வரிசையாக நீண்டிருந்தது. ரித்திகா அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போவாள். குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறாள். இந்த வலைகள் வந்த பிறகு அந்த வரிசை இல்லை என்பதையும் அடுத்த சந்தை நாளில் பார்த்தாள்.

ஊரார் சேர்ந்து சிலம்பூர் தண்ணீர் வாரியத்தில் முறையிட்டார்கள். வாரியத்தின் தலைவி வைதேகி ஒரு காலத்தில் பள்ளியில் வேதியியல் நடத்தியவர்; மலையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ரித்திகாவும் அவரிடம் படித்தவள். அவர் பொறுமையாகக் கேட்டார். சோலை காய்கிறது, ஓடை சுருங்குகிறது, ஊருக்குக் கீழே தைலமரமும் சீகை மரக்காடும் சருகு மண்டிக் கிடக்கின்றன, ஒரு பொறி போதும் என்று ரித்திகா சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிலம்பூர் வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"எந்தத் தெருவுக்குத் தண்ணிய நிறுத்தட்டும்னு நீயே சொல்லு ரித்திகா. நாளைக்கே நிறுத்திடறேன்."

ரித்திகா வரைபடத்தைப் பார்த்தாள். அவளால் விரல் வைக்க முடியவில்லை.

அதன்பிறகு வாரியம் ஒரு வழி சொன்னது. கரடிப்பள்ளத்துக்காரர்கள் விரும்பினால் சிலம்பூரில் அடுக்குமாடி வீடு தரப்படும். குதிரைகளுக்கு அங்கே இடமில்லை. அதுவரை, வலைத் தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் எடுத்துப் போகலாம். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டன. குதிரை வைத்திருந்தவர்கள் வந்த விலைக்கு விற்றார்கள். விற்க மனமில்லாத சிலர், கடைசியில், ரித்திகா வீட்டு முன்னால் கட்டிவிட்டுச் சொல்லாமல் போனார்கள். இப்படி அவளிடம் பதினாலு குதிரைகள் சேர்ந்தன.

நாமும் போகலாமா என்று பிரவீன் ஒருநாள் கேட்டான். சண்டைக்காகக் கேட்கவில்லை. அவன் போட்ட பீன்ஸ் பூவிலேயே கருகிய நாள் அது. ரித்திகா குதிரைகளைக் கட்டியிருந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீவனம் தட்டுப்பாடு என்பதால், காய்ந்த புல்லையாவது தின்னட்டும் என்று ஊருக்குக் கீழே சீகைக்காட்டின் ஓரமாக வரிசையாக முளை அடித்து அவற்றைக் கட்டியிருந்தாள். கயிறு எட்டும் இடம்வரை அவை தரையை மொட்டையடித்திருந்தன. அதற்கு அப்பால் இடுப்புயரப் புல் வைக்கோலாக நின்றது. இரண்டுக்கும் நடுவே யாரோ கோடு கிழித்தது போலிருந்தது.

"அந்தக் கோட்டைப் பாருங்க" என்றாள். "தீ அதுவரைக்கும் வரும். அதுக்கப்புறம் எதைத் திங்கும்?"

மறுநாளிலிருந்து அவள் முளைகளை நகர்த்தினாள். ஒரு இடம் தரையானதும் குதிரைகள் பக்கத்து இடத்துக்குப் போயின. யானைப்பாறையில் தொடங்கி ஓடைவரை ஊரின் கீழ்ப்புறம் முழுக்க ஒரு பட்டையாக இப்படி மேய்ப்பது அவள் எண்ணம். மீதியிருந்த குடும்பங்கள் முதலில் வேடிக்கை பார்த்தன. பிறகு அரிவாளோடு வந்து, குதிரைகள் தின்னாத சீகைக் கன்றுகளை வெட்டிப் போட்டன. பிரவீன் இன்னொரு யோசனை சொன்னான். தரையைச் சும்மா விட்டால் அடுத்த மழைக்குப் புல் மறுபடி முளைக்கும். அதனால் மேல் தோட்டங்களில் போடுவதை அந்தப் பட்டையில் போடுவோம் என்றான். குதிரைச் சாணம் ஏற்கெனவே விழுந்து கிடந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு குழாயில் சேர்த்துக் கீழே விட்டார்கள். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் கீரையும் அங்கே பச்சையாக எழுந்தன. சுற்றிலும் எல்லாம் பழுப்பாக இருந்த மலையில் அது ஒன்றுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி.

ஹேமந்த் ஓய்வு நாட்களில் வந்து அந்தக் குழாய் வேலையைச் செய்துகொடுத்தான். அக்காவும் தம்பியும் வலையைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள்.

இரண்டாவது வருடம் பங்குனியில் பட்டை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஓடைப் பக்கம் ஒரு இடைவெளி மட்டும் பாக்கி. அங்கே சரிவு செங்குத்து. குதிரைகளைக் கட்ட முடியாது. காய்ந்த ஓடைக்குள் சீகை அடர்ந்து கிடந்தது. அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதியில் இருந்தபோதுதான் தீ வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராக்காயி மேய்வதை நிறுத்தினாள். ரித்திகாவின் குதிரைகளில் மூத்தவள் அவள். மற்றவை அவள் பின்னால்தான் நடக்கும். காதுகளை முன்னால் நீட்டி, மூக்கை விடைத்துக்கொண்டு கீழே பார்த்து நின்றாள். வெகு கீழே, தைலமரத் தோப்புக்குள்ளிருந்து புகை நேராக எழுந்தது. பகல் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும் நேரம். புகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து ஊரை நோக்கித் திரும்பியது.

பிரவீன் ஊரைக் கூட்டப் போனான். ரித்திகா தம்பிக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு வேணும்" என்றாள். "ஒண்ணு, தொட்டித் தண்ணி. இன்னொண்ணு, வலைய இறக்கு. மேற்க மஞ்சு கட்டி நிக்குதான்னு பாரு."

மஞ்சு நிற்கிறது, வழக்கத்தைவிட முன்னாலேயே ஏறிவிட்டது என்று ஹேமந்த் சொன்னான். தொட்டி வால்வைக் கையால் திறந்துவிடலாம், அது அவன் பொறுப்பு. வலையை இறக்கும் மோட்டார் அப்படியில்லை. வாரியம் கூடி முடிவெடுத்து அனுமதி அனுப்பினால்தான் ஓடும். யாரும் அவசரப்பட்டோ, யாருக்கோ பயந்தோ ஊர் முழுவதற்குமான தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. அவன் டீச்சரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றான்.

ரித்திகா குதிரைகளுக்குச் சேணம் போட்டு, குடிதண்ணீர் கொண்டுவரும் ரப்பர் பைகளைக் கட்டி, முகட்டுக்கு ஓட்டினாள். அந்த ஏற்றம் அவற்றுக்குப் பழகியது. ஹேமந்த் பைகளை நிரப்பிக்கொடுத்தான். டீச்சர் உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறார், இன்னும் முடிவாகவில்லை என்றான். அவள் நிற்கவில்லை.

இறங்கும்போதுதான் சிக்கல் வந்தது. பாதி வழியில் புகை பாதையை மூடியது. ராக்காயி நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பின்னால் பதின்மூன்றும் நின்றன. ஒன்று திரும்பி ஓடப் பார்த்தது. ரித்திகா தன் துப்பட்டாவைப் பையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் நனைத்து, ராக்காயியின் கண்களைச் சுற்றிக் கட்டினாள். பிறகு அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போகும்போது பேசுவதையே பேசினாள். வா, கொஞ்ச தூரம்தான், போனதும் கேரட் தர்றேன். அவள் குரலுக்கே அவளுக்கு அழுகை வந்தது. ராக்காயி ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்புறம் இன்னொரு கால். முன்னால் போகும் குதிரையின் வாலைப் பார்த்து மற்றவை தொடர்ந்தன.

கீழே தீ பட்டையைத் தொட்டுவிட்டது. சீகைக்காட்டைத் தின்று ஆளுயரத்துக்கு எழுந்து வந்த தழல், மொட்டைத் தரையில் கால் வைத்ததும் தடுமாறியது. எரிய ஒன்றுமில்லை. முட்டைக்கோஸ் வரிசையின் ஓரத்து இலைகள் வெந்து சுருண்டன, அவ்வளவுதான். பறந்து வந்த பொறிகளை ஊர் ஜனங்கள் பச்சைக் கிளைகளால் அடித்து அணைத்தார்கள். யானைப்பாறையிலிருந்து ஓடைவரை தீ அந்தக் கோட்டின் ஓரமாக இப்படியும் அப்படியும் நடந்து வழி தேடியது. கடைசியில் இடைவெளியைக் கண்டுபிடித்தது.

ஓடைக்குள் சீகை பற்றிக்கொண்ட சத்தம் மழை பெய்வது போலிருந்தது. அங்கே ஏறிவிட்டால் மேலே வீடுகள், அதற்கு மேலே காய்ந்த சோலை, அதற்கும் மேலே முகடு. முகட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரைகள். ரித்திகா பைகளை அவிழ்க்க, பிரவீனும் மற்றவர்களும் ஓடையின் மேல்விளிம்பை நனைத்தார்கள். நனைத்த இடத்தில் தீ தயங்கியது. காற்று வந்ததும் மறுபடி எழுந்தது. குதிரைகள் இன்னொரு நடை போய்வந்தன, அப்புறமும் ஒரு நடை. பிரவீனின் புருவம் பொசுங்கிவிட்டது. நான்காவது நடைக்குப் போகத் திரும்பிய ரித்திகா, இனி நேரமில்லை என்று உணர்ந்தாள். சேணங்களை அவிழ்த்துவிட்டால் குதிரைகளாவது பிழைக்கும். ராக்காயியின் கண் கட்டை அவிழ்க்கக் கை வைத்தாள்.

அப்போது பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

திரும்பிப் பார்த்தாள். முகட்டில் கம்பங்கள் மட்டும் நின்றன. வலைகள் இல்லை. பால் பொங்கி விளிம்பு தாண்டுவது போல, முகட்டின் நீளத்துக்கும் மஞ்சு இந்தப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. முதலில் மேல் சோலை மறைந்தது. பிறகு வீடுகள் மறைந்தன. பிறகு பக்கத்தில் நின்ற பிரவீன் மறைந்தான். அவன் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தீ உடனே அணைந்துவிடவில்லை. ஆனால் அதன் குரல் மாறியது. படபடப்பு போய்ச் சீறலானது. சருகுகள் ஈரம் பிடித்துக்கொண்டன. தழல் முழங்காலுக்கு இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு. அதுவரை தோற்றுக்கொண்டிருந்த ஜனங்கள் இப்போது அதன்மேல் ஏறி மிதித்தார்கள், மண்ணை வாரிப் போட்டார்கள். இருட்டுவதற்குள் ஓடையில் சில அடிமரங்கள் மட்டும் புகைந்துகொண்டிருந்தன. ஊரில் ஒரு வீடு எரியவில்லை. ஒரு குதிரைக்கும் காயமில்லை. யாரோ முட்டைக்கோஸ் வரிசையில் உட்கார்ந்து, தீயில் வெந்த இலையைப் பிய்த்துத் தின்றுபார்த்து, உப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். ஒருவர் சிரிக்கத் தொடங்கியதும் எல்லோரும் சிரித்தார்கள். நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

ஹேமந்த் மஞ்சுக்குள்ளிருந்து ஓடிவந்தான். அடுத்த நடைக்குக் குதிரைகள் வராததால் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, தொட்டியை விட்டுவிட்டு வேறு பாதையில் இறங்கியிருந்தான். வலையை நீ இறக்கினாயா என்று ரித்திகா கேட்டாள். நான் இல்லை, டீச்சர் அனுமதி கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்றான்.

மறுநாள் வைதேகி டீச்சரே நடந்து வந்தார். மூட்டுவலிக்காரர், குதிரையில் ஏற மறுத்துவிட்டார். கருகிய சரிவையும், அதற்கு மேலே பச்சையாக நின்ற பட்டையையும் நெடுநேரம் பார்த்தார். ரித்திகா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். டீச்சர் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலையை ஆட்டினார்.

"நான் இல்ல ரித்திகா. நாங்க பேசிட்டே இருந்தோம். பாதிப் பேர் இறக்கணும்னாங்க, பாதிப் பேர் நாளைக்குக் குடிக்க என்னன்னு கேட்டாங்க. எந்தப் பக்கம் கை தூக்கறதுன்னு எனக்கே தெரியல. முடிவு பண்றதுக்குள்ள வலை கீழ கிடந்துச்சு."

வலைகள் இறக்கப்படவில்லை, அறுக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் சொன்னார். யார் செய்தது என்று வாரியம் விசாரிக்கிறது. டீச்சர் போன பிறகு ஹேமந்த் அக்காவிடம் மெதுவாகச் சொன்னான். காலையில் போய்ப் பார்த்தானாம். கம்பிவலையில் ஒரு இழைகூடச் சேதமில்லை. தாங்கும் கயிறுகளை மட்டும், முடிச்சுக்குப் பக்கத்தில், வலை சுருண்டு சிக்காமல் பாய் மாதிரி விரிந்து விழும்படி வரிசை பார்த்து அறுத்திருக்கிறார்கள். வலை தெரிந்தவர்கள் செய்த வேலை. அது யாராக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வாரியத்தில் சொல்லவில்லை.

ரித்திகா அன்று மதியமே குதிரைகளில் முட்டைக்கோஸும் கிழங்கும் ஏற்றி, அவனையும் கூட்டிக்கொண்டு முகட்டைத் தாண்டினாள். தகரக் கூரைக் குடியிருப்பில் மறுபடி குட வரிசை நின்றது. லாரித் தண்ணீர் இன்னும் வரவில்லை. ஹேமந்த் அவளை ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனான். அங்கே ஜெசிந்தா என்ற பெண் இருந்தாள். ரித்திகா வயதுதான் இருக்கும். தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த ஒரு கடற்கரை ஊர்க்காரி. கடல் ஏறி வந்து தெருவை எடுத்துக்கொண்ட பிறகு மலைக்கு வந்த குடும்பங்களில் ஒன்று. மஞ்சுவலையைக் கழுவுவது, கிழிந்த இடத்தைப் பின்னுவது, கயிறு மாற்றுவது எல்லாம் அந்தக் குடியிருப்பு ஜனங்களின் தினக்கூலி வேலை.

ஜெசிந்தா மறைக்கவில்லை. ஹேமந்த் சார் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தது கீழே வேலை செய்தவர்களுக்குக் கேட்டது, அவர் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது புகை முகட்டுக்கு மேலே தெரிந்தது என்றாள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். அதிக நேரம் பேசவில்லை.

"தண்ணி நாளைக்கு இருக்காதுன்னு தெரியும்ல?" என்று ரித்திகா கேட்டாள்.

"தெரியும். எங்களுக்குத்தான முதல்ல இல்லாமப் போவும்." ஜெசிந்தா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "எங்க ஊரக் கடல் எடுக்கும்போது எல்லாரும் கூட்டம் போட்டுப் பேசிட்டு இருந்தாவ. பேசி முடிக்கையில கோயில் மணி தண்ணிக்குள்ள கெடந்துச்சு. இன்னொரு ஊருக்கு அப்படி ஆவக் கூடாதுன்னு தோணிச்சு. வலைய அறுக்கதுக்கு மட்டும் கை வரல எங்க ஆளுவளுக்கு. பொறந்ததுலருந்து பின்னிப் பழகுன கை. மொதக் கயித்த நான்தான் அறுத்தேன்."

ரித்திகா மூட்டைகளை இறக்கி வைத்தாள். இத்தனை நாளும் இந்த வீடுகளைத் தாண்டிச் சந்தைக்குப் போயிருக்கிறோம், ஒருவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்று நினைத்தாள். பிறகு, யோசித்துச் சொன்ன மாதிரி இல்லாமல், மனதில் வந்ததைச் சொன்னாள். கரடிப்பள்ளத்தில் பூட்டிய வீடுகள் நிறைய இருக்கின்றன. தோட்டங்கள் தரிசாகக் கிடக்கின்றன. ஓடைப் பக்கம் வெட்டவும் நடவும் ஆள் இல்லை. அங்கே மஞ்சு வந்தால் ஓடையிலேயே தண்ணீர் வரும், வலையிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை.

ஜெசிந்தா சிரித்தாள். தங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது என்றாள். தன் கணவன் எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பான், பேச ஆள் கிடைத்தால் அவனுக்குப் போதும் என்றாள் ரித்திகா.

வாரியத்தின் அடுத்த கூட்டத்துக்கு மலை முழுக்கத் திரண்டு வந்தது. கயிறு அறுத்தது யார் என்ற கேள்வியை டீச்சர் எழுப்பவே இல்லை. கரடிப்பள்ளம் எரிந்திருந்தால் அடுத்து எந்தத் தெரு எரிந்திருக்கும் என்று வரைபடத்தில் காட்டினார். தகரக் கூரைகள்தான். அதன்பிறகு சந்தை. ஹேமந்த் எழுந்து, இந்த முறை முகட்டுக்கு இரண்டு பக்கமும் போட்ட கணக்கைச் சொன்னான். ஒரு கம்பம் விட்டு ஒரு கம்பம் வலை இருந்தால் போதும், மிச்ச இடைவெளி வழியே மஞ்சு போகட்டும். சில குடும்பங்கள் கிழக்கே போனால் பற்றாக்குறை பெரிதாக இருக்காது. கிழக்குச் சரிவு நனைந்தால் காய்கறியும் அங்கிருந்தே வரும். சிலர் முணுமுணுத்தார்கள். குளியலைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் புகார் சொன்னார். ஆனால் கை தூக்கும் நேரம் வந்ததும் அவர் கையும் மேலே இருந்தது. டீச்சர் கடைசியாகத் தன் கையைத் தூக்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சித்திரை பிறப்பதற்கு முன்பே குடும்பங்கள் கிளம்பின. பதினாலு குதிரைகளும் போதவில்லை. இரண்டு நாளாக நடை அடித்தார்கள். ஜெசிந்தாவின் கணவன் அந்தோணி தன் படகு எஞ்சினை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். படகு போய் எத்தனையோ வருடம் ஆகிறது. அதைத் தண்ணீர் இறைக்கும் பம்புக்குப் பொருத்திக்காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தான். ரித்திகா எஞ்சினை ராக்காயியின் ஒரு பக்கம் கட்டினாள். எடை சமமாக வேண்டும் என்று மறுபக்கத்துக்குப் பொருள் தேடினாள். ஜெசிந்தா தன் ஆட்டுக்கல்லைக் காட்டினாள். சரியாக நின்றது.

முகட்டை அடைந்தபோது மாலையாகிவிட்டது. புதிதாக மாட்டிய வலைகளுக்கு நடுவே இடைவெளிகள் வாசல் மாதிரி திறந்திருந்தன. மஞ்சு அந்த வாசல்கள் வழியாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஜெசிந்தா நின்றாள். இவ்வளவு காலம் இந்த முகட்டில் வேலை செய்தும், அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்த்ததில்லை என்றாள். பிறகு பிள்ளைகளைக் குதிரை வாலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பிரவீன் ஊர் எல்லையில் விளக்கோடு காத்திருந்தான். அவளுக்கென்று கூட்டித் துடைத்து வைத்த வீட்டைக் காட்டினான். ஜெசிந்தா வீட்டைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினாள். ஆனால் உள்ளே போகவில்லை.

"வயல் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவன் விளக்கைக் கீழ்ப்புறம், பச்சைப் பட்டை இருந்த பக்கம் திருப்பினான். அவள் தலையில் இருந்த கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நனைந்த மண்ணில் இறங்கி நடந்தாள்.